கீழ்வரிசை

பேச்சியம்மாவின் பல்லைப் பற்றி, வன்னியில் துணுக்காய் ஊர்ப் பக்கத்து வயல்களில் ஒரு காலத்தில் கதை இருந்தது. பசளை உரச் சாக்கின் தையல் நூல் இறுகிப் போனால் யாரும் கத்தி தேடமாட்டார்கள். "பேச்சியைக் கூப்பிடு" என்பார்கள். அவள் வந்து குனிந்து, முடிச்சைக் கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்தால் சாக்கு வாயைத் திறந்துவிடும். அகலமான, வெற்றிலைக் காவி ஏறிய பற்கள். அவள் வாயில் ஒரு நோவும் வந்ததில்லை. தன் உடம்பில் மிச்சமிருக்கும் நல்ல சாமான் அது ஒன்றுதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் பிறந்தது பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயத்து வீடுகளுக்குத் தீ வைத்தபோது, தகப்பன் குடும்பத்தை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு வன்னிக்கு வந்து சேர்ந்தார். காட்டை வெட்டி ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். ஆனால் குடிசை சோறு போடாது. வவுனிக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களெல்லாம் முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றவர்களுடையவை. அவர்களிடம் கூலிக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. பேச்சியம்மா தாயோடு போனாள். பிறகு புருஷன் பொன்னையாவோடு போனாள். வயலில் பசி எடுத்தால் தாய் மடியிலிருந்து ஒரு துண்டு வெற்றிலையும் புகையிலைக் காம்பும் எடுத்துக் கொடுப்பாள். பன்னிரண்டு வயதில் தொடங்கிய பழக்கம் அது.

அவள் அதிகம் வேலை செய்தது யோகலிங்கம் என்பவருடைய வயலில். அவருடைய மனைவி இரஞ்சிதம் குடையைப் பிடித்துக்கொண்டு வரம்பில் நின்று களை பிடுங்குவதைப் பார்ப்பாள். வாய் கடுமை, கை சுத்தம். கூலியைப் பிந்தவிடமாட்டாள். பத்து மணிக்குத் தேத்தண்ணீரும், ஒரு தகரத்தில் வெற்றிலை பாக்கும் தவறாமல் வரும். தேத்தண்ணீர் குடிக்கும் பேணிகள் கிணற்றடியில் ஒரு கம்பியில் தொங்கும். வேலைக்காரர் தாங்களே எடுத்து, குடித்து, கழுவி, தாங்களே திரும்பக் கொழுவ வேண்டும். வீட்டுப் பேணிகள் வேறு. போர்க் காலத்தில் எல்லோரும்தான் ஓடினார்கள். முள்வேலி முகாமில் தண்ணீர் வண்டிக்கு முன்னால் இரஞ்சிதமும் பேச்சியம்மாவும் ஒரே வரிசையில் நின்றார்கள். திரும்பி வந்து விதைத்த முதல் போகத்தில் இரஞ்சிதம் புதுப் பேணிகள் வாங்கினாள். அவை கிணற்றடிக் கம்பியில் தொங்கின. பேச்சியம்மா அதைப் பார்த்துவிட்டு வயலுக்குள் இறங்கினாள்.

புண் வந்தது இடது பக்கக் கன்னத்தின் உள்ளே, கீழ்ப் பல்லோடு ஒட்டி. சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று நினைத்தாள். உறைப்புக் கறி பட்டால் எரிந்தது. வெற்றிலையை வலது பக்கம் மாற்றிக்கொண்டாள். மாதங்கள் போயின. சோற்றுக் கவளம் வாய்க்குள் போக மறுத்தது. வாய் முன்புபோலத் திறபடவில்லை. கையைச் சுருக்கிச் சின்னச் சின்னக் கவளமாக உண்ணப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் பல் வைத்தியர்கள் வந்து பார்த்த ஒரு நாள், மகள் பிரேமிளாதான் அவளை வற்புறுத்திக் கூட்டிப் போனாள். டொக்டர் ஒரு இளம் பிள்ளை. டோர்ச் அடித்துப் பார்த்தவள் கிட்டக் குனிந்து திரும்பவும் பார்த்தாள்.

"எவ்வளவு காலமாய் அம்மா இது இருக்கு?"

"நெல்லு வெதைக்க முந்தி வந்திச்சு."

டொக்டர் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தாள். யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள். சதை வெட்டிப் பார்த்தார்கள். முடிவு வந்தபோது பிரேமிளா வெளியில் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்தே பேச்சியம்மாவுக்கு விளங்கிவிட்டது.

அவள் எதிர்பாராதது பல்லைப் பற்றிய பேச்சு. வருத்தம், அந்தப் புற்றுநோய், கன்னத்தில். ஆனால் கரண்ட் பிடிப்பதற்கு, அதாவது கதிர்ச் சிகிச்சைக்கு, முன்னால் பல்லைப் பிடுங்க வேண்டும் என்றார்கள். கீழ்வரிசை முழுவதும், மேலே கடைவாய்ப் பற்களும்.

"என்னோட பல்லு நல்ல பல்லுங்க," என்றாள். "ஆட்டிப் பாருங்க."

பல் டொக்டர் பொறுமையானவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பல்லுப் பலம்தான் அம்மா. அதைப் பிடிச்சிருக்கிற எலும்புதான் கரைஞ்சு போச்சுது. கரண்ட் பிடிச்ச பிறகு இந்தத் தாடையிலை ஒரு காயம் வந்தா ஆறாது. பிறகு பழுதாகிற பல்லை அப்ப பிடுங்கேலாது, எலும்பு அழுகத் தொடங்கிடும். அதுதான் முதலே எடுக்கிறது. காயம் ஆறின பிறகுதான் கரண்ட்."

அவளுக்கு விளங்கியது. விளங்கியதால்தான் பயம் வந்தது. தோட்டத்தில் அவளுடைய தகப்பனுக்கு மருந்துக்காரர் பல் பிடுங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். ஊசி இல்லை. இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பல் பாதியில் முறிந்து, மற்றப் பாதிக்குத் திரும்பவும் குறடு போட்டு இழுத்தார்கள். தகப்பன் மாட்டைப் போலக் கத்தினார். ஆனால் அதைவிடவும் வேறு ஒன்று அவள் மனதில் கிடந்து அரித்தது. செத்தவர்களைத் தூக்குவதற்கு முன்னால் தோடு, மூக்குத்தியெல்லாம் கழற்றி எடுப்பார்களே, அதைத்தான் தனக்கும் செய்யப் போகிறார்கள் என்று தோன்றியது. உயிரோடு இருக்கும்போதே.

பல் பிடுங்குகிற கதிரையில் இருத்தினார்கள். கழுத்தில் துணியைக் கட்டினார்கள். தாதி மிஸ்ஸி ஊசியை எடுக்கத் திரும்பிய நேரம் அவள் துணியை அவிழ்த்துக் கதிரைக் கைப்பிடியில் வைத்துவிட்டு எழும்பினாள்.

"வீட்டுல கேட்டுட்டு வாறேங்க," என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பிரேமிளா அவளோடு கதைக்கவில்லை. பளை ஊர் தாண்டின பிறகுதான், "அம்மா, டொக்டர் சொன்னது விளங்கினதுதானே?" என்று கேட்டாள். பேச்சியம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பொன்னையா முகத்தைப் பார்த்தார். அவர் எதையும் கேட்கிற மனிதர் அல்ல.

அடுத்த நாள் அவள் கச்சான் கடலை பிடுங்கப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். கிளினிக் திகதி போய்விட்டது. புண்ணுக்கு மேல் ஒரு தடிப்பு வந்தது. இரவில் காதுக்குள் குத்தியது. வெற்றிலையை மட்டும் விட்டிருந்தாள். விட்டதில் ஒரு பயனும் தெரியவில்லை.

ஒரு நாள் பின்னேரம் வேலை முடிந்து கைகால் கழுவும்போது யோகலிங்கம் வரம்பால் வந்தார். "அவா உன்னை ஒருக்கா வரச் சொன்னவா," என்றார்.

இரஞ்சிதம் நீண்ட நாளாக வயலுக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் நிற்பதாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். திரும்பி வந்ததை யாரும் காணவில்லை. பேச்சியம்மா வழக்கம்போலப் பின்பக்கத்தால் போய், படியில் நின்று செருமினாள்.

"ஆர், பேச்சியே? உள்ளுக்கு வா."

குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

"இங்கயே நிக்கிறேங்கம்மா."

"என்னாலை கத்த ஏலாது. உள்ளுக்கு வந்து இரு."

அறைக்குள் வெளிச்சம் குறைவு. இரஞ்சிதம் கட்டிலில் இரண்டு தலையணைகளில் சாய்ந்திருந்தாள். பேச்சியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தின் கீழ்ப்பாதி உள்ளே போயிருந்தது. நாடி மூக்கைத் தொட ஏறி வந்ததுபோல் இருந்தது. கழுத்தின் ஒரு பக்கம் கறுத்துத் தடித்திருந்தது. கையில் ஒரு துவாய். பேசும்போது கடைவாயால் வடிவதைத் துடைத்துக்கொண்டாள்.

"பார், பார். எல்லாரும் பாக்கிறதுதானே," என்றாள் இரஞ்சிதம். "எனக்கும் உன்ரை வருத்தம்தான். வேற திகதி கேக்க வந்த பிரேமிளாவை இவர் கிளினிக்கிலை கண்டு விசாரிச்சவர். நீ கதிரையாலை எழும்பி ஓடி வந்திட்டியாம்."

"ஓடலீங்கம்மா. கேட்டுட்டு வாறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"ஆரைக் கேட்டனீ?"

பேச்சியம்மா கதவிலிருந்து கையை எடுத்துச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"உந்தக் கதிரையிலை இரு."

அவள் கதிரையின் நுனியில் இருந்தாள். மேசையில் கிடந்த போன் அடித்தது. இரஞ்சிதம் எட்டி அதைக் குப்புறக் கவிழ்த்துவைத்தாள். "மகன். கனடாவிலை இருந்து. கமராவைப் போடுங்கோ அம்மா எண்டு கேப்பான். கமரா பழுது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கேள். எனக்குப் பிடுங்கேக்கை ஆரும் ஒண்டும் சொல்லித் தரேல்லை. உனக்குச் சொல்லுறன்.

"முதல்லை பல்லடி முரசிலை ஊசி போடுவினம். ஒண்டில்லை, நாலஞ்சு இடத்திலை. அது நோகும். கண்ணாலை தண்ணி வரும், வரட்டும். பிறகு வாய்ச் சொண்டு விறைக்கும். ஆற்றையோ சொண்டைக் கொண்டுவந்து உன்ரை முகத்திலை ஒட்டின மாதிரிக் கிடக்கும். விறைக்கேல்லை எண்டா உடனை கையைத் தூக்கு. கொஞ்சம்தானே எண்டு பொறுத்துக்கொண்டு இராதை. நீங்கள் எல்லாத்தையும் பொறுத்துக்கொண்டு இருக்கிற ஆக்கள்."

அந்தக் கடைசி வசனத்தில் பேச்சியம்மா நிமிர்ந்து பார்த்தாள். இரஞ்சிதம் துவாயால் வாயை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"இழுக்குறப்ப நோகுமாங்கம்மா?"

"நோகாது. ஆனா கேக்கும்."

"என்னத்தங்கம்மா?"

"இழுக்கிறதெண்டு நினைக்காதை. முதல்லை அமத்துவினம். தாடை கழண்டு டொக்டரின்ரை கையோடை வந்திடும் போலை கிடக்கும். வராது, மற்றக் கையாலை பிடிச்சுக்கொள்ளுவினம். பிறகு அங்கையும் இங்கையும் ஆட்டுவினம், வேலிக் கதியால் தடியைப் பிடுங்கிற மாதிரி. அப்ப மண்டைக்குள்ளை ஒரு சத்தம் வரும். சுள்ளி முறியிற சத்தம். காதாலை கேக்கிறதில்லை அது. எலும்பு முறிஞ்சு போச்செண்டு நான் செத்துப் பிழைச்சனான். எலும்பில்லை. பல்லு இடம் விடுகிற சத்தம். அதை நீ முதலே தெரிஞ்சு வைச்சிரு."

வெளியே யோகலிங்கம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. இரஞ்சிதம் கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தாள்.

"முடிஞ்ச பிறகு பஞ்சு வைச்சுக் கடிக்கச் சொல்லுவினம். பல்லில்லாத வாயாலை எப்பிடிக் கடிக்கிறதெண்டு யோசிப்பாய். முரசாலை கடி. எடுத்து எடுத்துப் பாக்காதை. அண்டைக்குத் துப்பாதை, கொப்புளிக்காதை. துப்பினா கட்டி நிக்கிற ரத்தம் கழண்டு திரும்ப ஓடும். வாறதை விழுங்கு. சுடச்சுட ஒண்டும் குடியாதை. இரவு தலாணியிலை ரத்தம் கிடந்தாப் பயப்பிடாதை, எச்சில் கலந்தது, கனக்க மாதிரித் தெரியும். அடுத்த நாள் முகம் வீங்கும். வீங்கட்டும். பிடுங்கின பல்லைத் தட்டிலை போடுவினம். அதை மட்டும் பாக்காதை."

"புடுங்குனா சுகமாயிருமாங்கம்மா?"

இரஞ்சிதம் கண்ணைத் திறந்தாள். "பிடுங்காட்டிக் கரண்ட் பிடிக்கேலாது," என்றாள். பிறகு, "நான் பிந்திப் போனனான், பேச்சி. ஊருக்குத் தெரியக்கூடாதெண்டு யாழ்ப்பாணத்திலை இருந்து நாட்டு மருந்து செய்தனான். இப்ப கழுத்துக்கும் வந்திட்டுது. இனிச் செய்யிறதுக்கு ஒண்டுமில்லையாம். நீ பிந்தாதை," என்றாள்.

இரஞ்சிதம் கதவுப் பக்கம் கையைக் காட்டி, "குசினிக்குள்ளை கஞ்சி கிடக்கு. எடுத்துக்கொண்டு வா. ஆறியிருக்கும்," என்றாள்.

பேச்சியம்மா எழும்பிப் போய்க் குசினி வாசலில் நின்றாள். எத்தனையோ போகம் இந்த வளவுக்குள் உழைத்திருக்கிறாள். குசினி நிலைக்கு அப்பால் கால் வைத்ததில்லை. வெளியே நின்று பார்க்கும்போது அந்தக் குசினி பெரிதாக, வெளிச்சமாக இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தாள். உள்ளே இருட்டு. சீனிப் போத்தலைச் சுற்றி எறும்பு ஓடியது. இரண்டு நாள் பாத்திரம் கழுவாமல் கிடந்தது. மூடியை எடுத்தால் கஞ்சியில் ஆடை படிந்திருந்தது. அதைக் கரண்டியால் எடுத்துப் போட்டு, கிண்ணத்தில் வார்த்துக்கொண்டு வந்தாள். இரஞ்சிதத்தால் கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை. பேச்சியம்மாதான் கரண்டியால் பருக்கினாள். பாதி உள்ளே போனது, பாதி துவாயில் போனது. வரும்போது அந்தப் பாத்திரங்களையும் கழுவி வைத்துவிட்டு வந்தாள். இரஞ்சிதம் நித்திரையாகியிருந்தாள்.

அந்தக் கிழமையே அவள் யாழ்ப்பாணத்துக்குப் போனாள். பல் டொக்டர் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. "வந்தது நல்லது, அம்மா," என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் இரஞ்சிதம் சொன்னபடியே நடந்தது. ஊசி நொந்தது. சொண்டு யாருடையதோ ஆனது. தாடையை அமத்தினார்கள். முதலாவது பல் இடம் விட்டபோது மண்டைக்குள் சுள்ளி முறிந்தது. தெரிந்திருந்தும் அவளுடைய கால்கள் விறைத்து நீண்டன. மிஸ்ஸி காலைத் தடவிக்கொடுத்தாள். வலது பக்கம் முடிந்து இடது பக்கம் வந்தார்கள். புண்ணுக்குப் பக்கத்துப் பல்லில் குறடு பட்டவுடன் கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சம் அடித்தது. அங்கே மருந்து பிடிக்கவில்லை. அவள் பல்லைக் கடிக்கப் பார்த்தாள். வலது பக்கத்தில் கடிக்கக் கீழ்ப் பல் இல்லை. அப்போதுதான் கையைத் தூக்கினாள். டொக்டர் உடனே நிறுத்தினார். இன்னும் ஒரு ஊசி போட்டு, காத்திருந்து, திரும்பத் தொடங்கினார். தான் கை தூக்கி ஒருவர் நிறுத்தியது தன் ஆயுளில் இதுதான் முதல் தடவையோ என்று அவளுக்குத் தோன்றியது. நோவு முற்றாகப் போகவில்லை. ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது.

பார்க்காதே என்றதை மட்டும் அவள் கேட்கவில்லை. எழும்பும்போது தட்டைப் பார்த்தாள். அகலமான பற்கள் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தாள். தட்டில் அவை சிறியனவாக, நீண்ட மஞ்சள் வேரோடு, மண்ணிலிருந்து பிடுங்கிப் போட்ட எதையோ போலக் கிடந்தன.

இரஞ்சிதம் சொல்லாத ஒன்றும் இருந்தது. நோவெல்லாம் அடங்கிய மூன்றாம் நாளுக்குப் பிறகு, நாக்கு தேடத் தொடங்கியது. நித்திரையிலும் அது முரசின் மேல் அங்கும் இங்கும் போய்த் தடவியது. அதை எப்படி நிறுத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மேல் கடைவாய்ப் பற்களை இன்னொரு நாள் எடுத்தார்கள். காயம் ஆறியதும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வைத்துக் கரண்ட் பிடித்தார்கள். முகத்தை ஒரு வலைக்குள் இறுக்கி மேசையோடு பூட்டுவார்கள். சனி, ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும். இரண்டாம் கிழமைக்குப் பிறகு வாய்க்குள் தோல் உரிந்தது. எச்சில் வற்றியது. தண்ணீர் விழுங்குவதே கண்ணாடித் துண்டை விழுங்குவதுபோல் ஆனது. பிரேமிளா வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

அங்கே இருக்கும்போதுதான் ஊரிலிருந்து பொன்னையா போன் எடுத்தார். பிரேமிளா கேட்டுவிட்டு, போனைக் கீழே வைத்தாள்.

"யோகலிங்கம் ஐயா வீட்டம்மா விடியக்காலமை செத்துப் போனாவாம்."

பேச்சியம்மாவால் அந்த நாட்களில் கதைக்க முடியவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செத்த வீட்டுக்குப் போக வழியில்லை. அடுத்த நாளும் கரண்ட் இருந்தது.

கரண்ட் முடிந்து வீட்டுக்கு வந்த கிழமையில் இரஞ்சிதத்தின் முப்பத்தோராம் நாள் காரியம் வந்தது. யோகலிங்கம் தானே சைக்கிளில் வந்து முற்றத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனார். பிரேமிளா போகவேண்டாம் என்றாள். "பின்பக்கம்தான் இருத்துவினம். அதுவும் இந்த வாயோடை." ஆனால் பேச்சியம்மா வெளுத்த சேலையை எடுத்துக் கட்டினாள். பொன்னையாவும் கூட வந்தார்.

பின்பக்கத்தால் போனவளை யோகலிங்கம் கண்டு, "இஞ்சாலை வாங்கோ. உள்ளுக்கு இருங்கோ," என்றார். வாங்கோ என்று அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. நடு விறாந்தையில் வரிசையாக வாழையிலை போட்டிருந்தார்கள். இரஞ்சிதத்தின் சொந்தக்காரர் இரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டுத் தங்கள் இலைப் பக்கம் திரும்பினார்கள். அவள் இலைக்கு முன்னால் இருந்தாள்.

சோறு வைத்தார்கள். பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம், வடை எல்லாம் வைத்தார்கள். அவள் ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது. அதை நனைக்க வாயில் ஈரம் இல்லை, மெல்லப் பல் இல்லை. குழம்பு பட்ட இடம் எரிந்தது. தலையைக் குனிந்து, இலையில் கோடு கீறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொன்னையாவும் கையை எடுத்துவிட்டார்.

யோகலிங்கம் அதைக் கண்டார். குசினிக்குள் போனார். நேரம் எடுத்தது. ஆறவைத்த பாயசத்தை ஒரு கிளாஸில் கொண்டுவந்து, குனிந்து அவளிடம் கொடுத்தார். "அவாவும் கடைசியிலை இதைத்தான் குடிச்சவா," என்றார்.

அவர் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மா குடித்தாள். இனிப்பு ஒன்றும் தெரியவில்லை. நாக்கு எல்லாவற்றையும் மறந்திருந்தது. ஏதோ கனமான, கொழுத்த தண்ணீர் தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கியது. கிளாஸை வைத்துவிட நினைத்தாள். நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, முழுவதையும் குடித்து முடித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது வாய்க்கால் கரையில் பொன்னையா கேட்டார். "நல்லா இருந்திச்சா?"

அவள் ஏதோ சொன்னாள். கீழ்ப் பல் இல்லாத வாயிலிருந்து அது காற்றாகத்தான் வந்தது. அவருக்கு விளங்கவில்லை.

"என்னா?" என்றார்.

அவள் திரும்பச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் வருத்தம் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்வார்களாம். பொய்ப் பல் கட்ட முடியாது, முரசு தாங்காது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். பொன்னையா தோளிலிருந்த துவாயை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, அதால் வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.